சோதனையைத் தொடங்க வேண்டியவர் யார்? வளைகுடாவின் திறமூல மென்பொருள்கள் குறித்து ஒரு மறுப்பு

ஓப்பன் சோர்ஸ் என்று தொழிலில் வழங்கும் திறமூல மென்பொருளைப் பற்றி, அதாவது மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எவருக்கும் உரிமை தரும் மென்பொருளைப் பற்றி, வளைகுடா நாடுகளின் கணினித் தொழில் வட்டாரங்களில் ஒரு கருத்து கேள்விக்கே உட்படாமல் நிலவி வருகிறது. சோதனை என்பது நிரல் ஓரளவு நிலைபெற்று, ஆளும் பணமும் சேர்ந்த பிறகு, அதற்கெனப் பயின்ற நிரலாளர்கள் மேற்கொள்ள வேண்டிய வேலை என்றும், அதுவரை பலரும் பயன்படுத்திப் பார்ப்பதிலேயே பிழைகள் தாமாக வெளிப்பட்டுவிடும் என்றும் அந்தக் கருத்து கூறுகிறது. இதன் இரு பகுதிகளும் தவறானவை. ஒரு மென்பொருளில் சோதனையைத் தொடங்குவதற்கு முதலில் வேண்டியது, குறிப்பிட்ட ஒரு கேள்விக்குச் சரியான விடை எது என்ற அறிவு. வளைகுடாவின் சூழலில் அந்த அறிவு நிரலாளரின் மேசையில் இருப்பதைவிடக் கணக்குப் பிரிவிலும் சம்பளப் பிரிவிலும் உள்ளவர்களின் மேசையில்தான் மிகுதியாக இருக்கிறது. அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருப்பதுதான் இந்த மென்பொருள்களில் சோதனை தொடங்காமலே கிடப்பதற்கு முதற்காரணம்.

அபுதாபியின் டெக்னாலஜி இன்னொவேஷன் இன்ஸ்டிட்யூட் 2023இல் ஃபால்கன் 40பி என்ற மொழி மாதிரியை அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ் வெளியிட்டதிலிருந்து, அமீரகத்தில் திறமூலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் சம்பளச் சீட்டிலும் இன்வாய்ஸிலும் நாள்தோறும் மக்களின் பணத்தைத் தொடுகின்ற திறமூல மென்பொருள்கள் வேறு. மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனத்தின் ஈஆர்பிநெக்ஸ்ட்டும், பெல்ஜியத்தில் தோன்றிய ஓடூவின் திறமூலப் பதிப்பும், ஒரு நிறுவனத்தின் கொள்முதல், விற்பனை, சரக்கிருப்பு, கணக்கு ஆகியவற்றை ஒரே தரவுத்தளத்தில் இணைத்துத் தருவதால், வளைகுடாவின் சிறு, நடுத்தர வணிக நிறுவனங்களுக்கு எட்டக்கூடிய செலவில் அமைந்திருக்கின்றன. இவற்றை நிறுவி, அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கும் வாடிக்கையாளரின் வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றித் தரும் நிறுவனங்கள் துபாயிலும் ஷார்ஜாவிலும் தோஹாவிலும் இயங்குகின்றன. அவற்றில் பணிபுரிபவர்களில் தமிழ்நாட்டவரும் கேரளத்தவரும் கணிசமானோர். மேற்கண்ட கருத்து மிக ஆழமாக வேரூன்றியிருப்பது இங்கேதான்: வாடிக்கையாளருக்காக எழுதப்படும் கூடுதல் நிரல் எந்தச் சோதனையும் இன்றி அவருடைய சர்வரில் ஏற்றப்படுகிறது, மாதக் கடைசியில் அங்குள்ள கணக்கர் தவறைக் கண்டு சொல்கிறார், திருத்தப்படுகிறது, அடுத்த பதிப்புக்கு மாறும்போது அதே தவறு மீண்டும் வருகிறது.

பயனர்களின் கண்களே போதும் என்ற வாதத்துக்கு ஒரு மூலவாக்கியம் உண்டு. எரிக் ரேமண்ட் 1997இல் முன்வைத்த ‘தி கதீட்ரல் அண்ட் தி பஸார்’ என்ற கட்டுரையில், போதுமான எண்ணிக்கையில் கண்கள் பார்த்தால் எந்தப் பிழையும் ஆழத்தில் ஒளிந்திருக்க முடியாது என்ற கருத்தை லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரால் ஒரு விதியாக்கினார். அந்தக் கட்டுரை பேசியது நிரலைப் படித்துத் திருத்தக்கூடிய உடன் உருவாக்குநர்களையும், முன்கூட்டியே பயன்படுத்திப் பார்த்துக் குறைகளைத் தெரிவிக்கும் ஆர்வலர்களையும் பற்றி. திரையில் வரும் தொகையை நம்பி அச்சிட்டுக் கொடுக்கும் அலுவலகப் பயனரைப் பற்றி அன்று. உருவாக்குநர்கள் மலிந்த இடத்திலும் அந்த விதி பொய்த்தது. இணையத்தின் பெரும்பகுதி பாதுகாப்புக்கு நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில், ஹார்ட்பிளீட் என்று பின்னர் பெயர் பெற்ற பிழை, 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் இருந்தும் 2014 ஏப்ரல் வரை உலகுக்குத் தெரியவில்லை. எதிர்முனையில் இருப்பவர் அனுப்பிய செய்தியின் நீளமாக அவரே சொன்ன எண்ணை, உண்மையில் வந்த செய்தியின் நீளத்தோடு ஒப்பிடாமல் ஏற்றுக்கொண்டதுதான் குற்றம். நீளம் பொய்யாகச் சொல்லப்பட்டால் என்ன நடக்கும் என்று கேட்கும் ஒரே ஒரு சோதனை அதை முதல் நாளிலேயே காட்டியிருக்கும். நிரல் திறந்து கிடந்தது. அந்தக் கேள்வியை எழுதி வைத்தவர் இல்லை.

வளைகுடாவில் இந்த வாதம் மேலும் ஒரு காரணத்தால் வலுவிழக்கிறது. இங்கே பிழையால் பாதிக்கப்படுபவரின் கண் பல வேளைகளில் மென்பொருளுக்கு எட்டுவதே இல்லை. பணி முடிந்து ஊர் திரும்பும் தொழிலாளருக்குத் தர வேண்டிய பணிக்கொடையை, கிராஜுவிட்டி என்று அலுவலகங்களில் சொல்லப்படுவதை, எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அமீரகத்தில் 2022 பிப்ரவரி 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் உறவுச் சட்டம், ஓராண்டுப் பணியை நிறைவு செய்த வெளிநாட்டுத் தொழிலாளருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படை ஊதியமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படை ஊதியமும் வழங்க வேண்டும் என்றும், மொத்தத் தொகை இரண்டு ஆண்டு ஊதியத்தைத் தாண்டக் கூடாது என்றும், சேர வேண்டியவை அனைத்தும் ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள் தரப்பட வேண்டும் என்றும் விதிக்கிறது. தொகையைப் பெற்றுக்கொண்டு திருச்சிக்கோ ராமநாதபுரத்துக்கோ விமானம் ஏறியவர், தன் கணக்கில் சில நூறு திர்ஹம் குறைந்ததைக் கண்டறிந்து, அது ஒரு நிரல்வரியின் பிழை என்று உணர்ந்து, அதை மென்பொருளின் நிரல் வைக்கப்பட்டிருக்கும் களஞ்சியத்தில் பதிவு செய்வார் என்று எதிர்பார்ப்பது எந்த வகையிலும் நேர்மையான ஏற்பாடு ஆகாது. பிழை யாரைச் சுடுகிறதோ அவர் வெளியேறிவிடுகிறார். மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்துபவருக்கு அது தெரிவதே இல்லை.

இதே பணிக்கொடைக் கணக்கு, சோதனையைத் தொடங்குவது எவ்வளவு எளியது என்பதையும் காட்டுகிறது. மாத அடிப்படை ஊதியம் 6,000 திர்ஹம், பணிக்காலம் சரியாக ஏழு ஆண்டுகள் என்று கொள்க. மாத ஊதியத்தை 30ஆல் வகுக்கும் முறைப்படி நாள் ஊதியம் 200 திர்ஹம். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 105 நாட்கள், ஆக 21,000. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 60 நாட்கள், ஆக 12,000. மொத்தம் 33,000 திர்ஹம். இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை வர வேண்டும் என்று நிரலின் அருகிலேயே எழுதி வைத்து, வராவிட்டால் கணினியே உரக்கச் சொல்லும்படி செய்வதுதான் அலகுச் சோதனை எனப்படுவது. நிரலின் ஒரு சிறு பகுதியைத் தனியே எடுத்து அதன் விடையைச் சரிபார்ப்பதால் அதற்கு அந்தப் பெயர். பைத்தான் மொழியில் இதற்கு ‘அசெர்ட்’ என்ற ஒரே சொல்லில் தொடங்கும் ஒரு வரி போதும். ஐந்தாண்டைத் தாண்டியவருக்கு எல்லா ஆண்டுகளுக்கும் 30 நாள் என்று தவறாகக் கணக்கிடும் நிரல் இங்கே 42,000 என்று விடை தந்து உடனே அகப்பட்டுக்கொள்ளும்.

அடுத்த வரிகளைச் சம்பளப் பிரிவில் சில காலம் இருந்த எவரும் தயக்கமின்றி எழுதிவிடுவார். பதினொரு மாதம் பணிபுரிந்தவருக்கு விடை சுழியம். சரியாக ஐந்து ஆண்டுக்கு 21,000. ஐந்தரை ஆண்டுக்கு 24,000. இருபத்தாறு ஆண்டுகள் பணிபுரிந்தவருக்குக் கூட்டல் 1,47,000 என்று வந்தாலும், இரண்டு ஆண்டு ஊதியம் என்ற உச்சவரம்பால் விடை 1,44,000. ஊதியமின்றி விடுப்பில் இருந்த நாட்கள் பணிக்காலத்தில் சேரா. வீட்டு வாடகைப் படியும் போக்குவரத்துப் படியும் அடிப்படை ஊதியத்தில் அடங்கா. நாள் ஊதியத்தை மாத ஊதியத்தின் முப்பதில் ஒன்றாகக் கொள்ளாமல் ஆண்டு ஊதியத்தை 365ஆல் வகுத்துப் பெறும் நிறுவனங்களும் உண்டு. அவ்வாறு செய்தால் முதல் ஐந்து ஆண்டுக்கான தொகையே ஏறத்தாழ 288 திர்ஹம் குறைந்து 20,712 ஆகிறது. இந்த வேறுபாட்டை நிரலாளர் ஒருவர் தாமாகக் கண்டுபிடித்துக் கேட்பது அரிது. ஆனால் கணக்கரின் பட்டியலில் 21,000 என்று ஒரு வரி இருந்தால், எந்த முறை என்று முடிவெடுக்காமல் எவரும் மேலே செல்ல முடியாது. சோதனை எழுதுவதன் முதற்பயன் இதுதான்: சொல்லாமல் விடப்பட்ட ஒரு தீர்மானத்தை அது வெளியே இழுத்து வருகிறது.

நிரல் நிலைபெறட்டும், பிறகு சோதனை எழுதலாம் என்பது அடுத்த வாதம். ஆனால் நிரல் பின்பற்ற வேண்டிய விதிகளே இங்கே மாறிக்கொண்டிருக்கின்றன. ஈஆர்பிநெக்ஸ்ட்டின் சம்பளப் பகுதியில் அமீரகப் பணிக்கொடைக்கென முதலில் எழுதப்பட்ட விதிகள், கால வரையறையுள்ள ஒப்பந்தம், வரையறையற்ற ஒப்பந்தம் என்ற 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாகுபாட்டைப் பின்பற்றியவை. வரையறையற்ற ஒப்பந்தத்தில் இருந்து ஒன்று முதல் மூன்று ஆண்டுக்குள் தாமாக விலகியவருக்கு மூன்றில் ஒரு பங்கும், மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் விலகியவருக்கு மூன்றில் இரண்டு பங்கும்தான் அந்தப் பழைய சட்டத்தின்படி கிடைத்தன. புதிய சட்டம் அந்தக் குறைப்பையும் நீக்கியது, வரையறையற்ற ஒப்பந்தம் என்ற வகையையும் நீக்கியது. வார விடுமுறையும் இப்படித்தான் மாறி வந்திருக்கிறது. அமீரகத்தில் 2006இல் வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாறியது. 2022 ஜனவரியில் கூட்டாட்சி அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு என்று ஆகி வெள்ளி அரைநாள் வேலைநாள் ஆனது. ஷார்ஜா அரசோ அதே வேளையில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் விடுமுறையாக்கியது. சவூதி அரேபியா 2013இல்தான் வியாழனை விட்டுச் சனிக்கு வந்தது. ஆக, ஒரு நாள் வார விடுமுறையா என்ற எளிய கேள்விக்கு விடை சொல்ல, நாடு, அமீரகமாயின் அதன் எமிரேட், ஆண்டு, அலுவலகத்தின் வகை ஆகிய நான்கும் தெரிந்தாக வேண்டும். இத்தகைய நிலத்தில் நிரல் நிலைபெறும் நாள் என்று ஒன்று வரப்போவதில்லை. அந்த நாளுக்காகக் காத்திருப்பவர் சோதனையைக் கைவிட்டவரே.

ஏற்கெனவே பல்லாயிரம் வரிகள் சோதனையின்றி எழுதப்பட்டுவிட்ட மென்பொருளில் எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு மைக்கேல் ஃபெதர்ஸ் 2004இல் வெளியிட்ட நூல் ஒரு வழி சொல்லியிருக்கிறது. சோதனை இல்லாத நிரலையே பழஞ்சுமை நிரல் என்று அவர் வரையறுத்தார். அதில் கைவைக்கும் முன், அது இன்று தரும் விடை சரியோ தவறோ, அதை அப்படியே ஒரு சோதனையாகப் பதிந்து வைக்க வேண்டும் என்றார். மாற்றம் செய்யும்போது எந்த விடை நகர்ந்தது என்று அப்போதுதான் தெரியும். இதனோடு ஒரு பிழை திருத்தப்படும் ஒவ்வொரு முறையும், அந்தப் பிழையை முதலில் காட்டும் ஒரு சோதனையைச் சேர்த்த பிறகே திருத்தத்தை ஏற்பது என்ற வழக்கத்தையும் கைக்கொண்டால், மாதக் கடைசியில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் நின்றுபோகும். பின்னடைவுச் சோதனை என்று இதற்குப் பெயர். இதற்குப் பெரிய அணி எதுவும் வேண்டியதில்லை. பொதுக் களஞ்சியங்களில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சோதனைகள் தாமாக ஓடும் வசதியை கிட்ஹப் போன்ற தளங்கள் கட்டணமின்றியே தருகின்றன.

சோதனை நிரலாளருக்கே உரிய வேலை என்ற வாதத்தைத் தகர்க்கச் சவூதி அரேபியாவின் மின்னணு இன்வாய்ஸ் விதி ஒன்றே போதும். அங்கே 2021 டிசம்பர் 4 முதல் சில்லறை விற்பனைக்கான எளிய இன்வாய்ஸில் க்யூஆர் குறியீடு கட்டாயமானது. அதனுள் விற்பவரின் பெயர், வரிப் பதிவு எண், நாளும் நேரமும், மொத்தத் தொகை, வரித் தொகை என்ற ஐந்து விவரங்களாவது வரிசையாக அடுக்கப்படும்; ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் அதன் வரிசை எண்ணும், அது எத்தனை பைட் நீளம் என்ற எண்ணும் இடப்பெறும். பைட் என்பது கணினி நினைவகத்தின் அடிப்படை அளவு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் ஆதலால், ‘ஏபிசி டிரேடிங்’ போன்ற ஆங்கிலப் பெயரை இட்டுப் பார்க்கும் நிரலாளருக்கு எழுத்தை எண்ணினாலும் பைட்டை எண்ணினாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. குறியீடு சரியாகவே படிக்கப்படுகிறது. ஆனால் நிறுவனம் என்று பொருள்படும் ‘ஷரிகா’ என்ற அரபுச் சொல்லில் நான்கு எழுத்துகள், எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் யுடிஎஃப்-8 முறையில் எட்டு பைட்டுகள். நிரல் நான்கு என்று நீளம் எழுதினால், படிக்கும் கருவி முதல் இரண்டு எழுத்துகளைப் பெயராக எடுத்துக்கொண்டு, மூன்றாம் எழுத்தின் முதற்பாதியை அடுத்த விவரத்தின் வரிசை எண் என்று கருதும். அதன் பின் வரும் அனைத்தும் குலைந்துபோகும். ரியாத்திலோ தம்மாமிலோ ஓர் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் எழுத்தருக்கு நிறுவனத்தின் பெயர் என்றாலே பதிவுச் சான்றில் உள்ள அரபுப் பெயர்தான். அவர் கொடுக்கும் முதல் எடுத்துக்காட்டே இந்தப் பிழையைப் பிடித்துவிடும். தமிழில் நிரலெழுதுவோர் இதை நன்கு அறிவர்: தமிழ் என்ற சொல் படிப்பவருக்கு மூன்று எழுத்து, யுனிகோடில் ஐந்து குறிகள், யுடிஎஃப்-8இல் பதினைந்து பைட்டுகள். தமிழுக்கான பைத்தான் நூலகமான ஓப்பன்-தமிழ், எழுத்துகளைப் பிரித்தெடுப்பதற்கென்றே தனிச் செயற்கூறுகளை வைத்திருப்பது இதனால்தான்.

பணத்தின் பின்னங்களும் இத்தகையவை. அமீரகத்தின் திர்ஹமும் சவூதி, கத்தார் ரியால்களும் நூறாகப் பிரிகின்றன. குவைத், பஹ்ரைன் தினார்களும் ஓமான் ரியாலும் ஆயிரமாகப் பிரிகின்றன. மஸ்கட்டில் 12.350 ரியால் விற்பனைக்கு ஐந்து விழுக்காடு வரி 0.6175, மூன்று தசம இடத்துக்கு அது 0.618, இரண்டு இடத்தோடு நிறுத்தும் நிரலில் 0.62. ஓர் இன்வாய்ஸுக்கு இரண்டு பைசா (ரியாலின் ஆயிரத்தில் இரண்டு பங்கு) வேறுபாடு, ஆண்டு முடிவில் கணக்கு பொருந்தாமல் தணிக்கையாளர் முன் நிற்க வைக்கும். ஓமானில் கடை வைத்திருப்பவருக்குத் தெரிந்த இந்தச் செய்தியை, இரண்டு தசமங்களே உலக வழக்கு என்று நம்பும் நிரலாளர் எங்கிருந்து அறிவார்?

நிரலின் இத்தனை விழுக்காடு வரிகளையாவது சோதனை தொட வேண்டும், அந்த இலக்கு இல்லாமல் தொடங்குவது வீண் என்று சொல்பவர்களும் உண்டு. எஸ்க்யூலைட் தரவுத்தளம் தன் நிரலைப் போல் ஏறத்தாழ 590 மடங்கு சோதனை நிரலை வைத்திருப்பதை அவர்கள் மேற்கோள் காட்டுவர். அது 2000த்தில் தொடங்கி இரு பத்தாண்டுகளுக்கு மேல் சேர்ந்த செல்வம். தொடக்கத்துக்கான நுழைவுச் சீட்டு அன்று. பணிக்கொடை விதிக்கு எட்டு வரிகள் இருந்து வேறெதற்கும் ஒரு வரிகூட இல்லாத மென்பொருள், விழுக்காட்டுக் கணக்கில் இழிவாகத் தோன்றினாலும், ஊர் திரும்பும் தொழிலாளருக்கு அந்த எட்டு வரிகளே வேண்டியவை.

எடை உள்ள மறுப்புகளும் சில இருக்கின்றன. சோதனையால் பிழை உண்டு என்று காட்ட முடியும், இல்லை என்று நிறுவ முடியாது என எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் எச்சரித்தது இன்றும் உண்மையே. ஆனால் அது சோதனை போதாது என்பதற்குச் சான்று, சோதனை வேண்டாம் என்பதற்கு அன்று. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே விடை எழுதிவிட முடியாது என்பதும் மெய்தான்: பிறை பார்த்து அறிவிக்கப்படும் ஈத் விடுமுறையின் நாளை அடுத்த ஆண்டுக்கு உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. பல நாடுகளின் விடுமுறைகளைத் தொகுக்கும் ஹாலிடேஸ் என்ற பைத்தான் நூலகம் இத்தகைய நாட்களை மதிப்பீடு என்றே குறித்துக் காட்டுகிறது. அங்கே சோதிக்க வேண்டியது தேதியை அன்று, மதிப்பீடு என்ற குறிப்பு தவறாமல் இடம்பெறுகிறதா என்பதை. வாடிக்கையாளரின் தரவு வெளியே போய்விடும் என்ற அச்சமும் நியாயமானது, அமீரகத்தில் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2021இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. ஆனால் மேலே காட்டிய ஏழாண்டுக் கணக்கில் எவருடைய பெயரும் இல்லை, கற்பனை ஊதியம் ஒன்றே இருக்கிறது. சோதனைக்கு உண்மையான ஆள் தேவையில்லை, உண்மையான விதி போதும்.

கணக்கரும் எழுத்தரும் சோதனை எழுத வேண்டும் என்றால், திட்டத்தைப் பராமரிப்பவர்கள் அதற்கு இடம் அமைத்துத் தர வேண்டும். ஊதியம், பணிக்காலம், வர வேண்டிய தொகை, விதியின் பிரிவு எண் என்ற நான்கு நெடுவரிசைகள் கொண்ட ஓர் எளிய அட்டவணைக் கோப்பைக் களஞ்சியத்தில் வைத்து, அதன் ஒவ்வொரு வரியையும் ஒரு சோதனையாக ஓட்டும் சிறு நிரலைப் பராமரிப்பாளர் ஒருமுறை எழுதினால் போதும். பைடெஸ்ட் போன்ற சோதனைக் கருவிகளில் இது ஒரு பிற்பகல் வேலை. எக்செல் கோப்பில் நாள் முழுதும் வரிகளைச் சேர்ப்பவர்களுக்கு இந்த அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பது புதிய கல்வி ஆகாது. அவ்வாறு வரும் ஒரு வரியை, நிரல் திருத்தம் எதுவும் உடன் வராவிட்டாலும், முழுமையான பங்களிப்பாக ஏற்று, அனுப்பியவரின் பெயரைப் பங்களிப்பாளர் பட்டியலில் சேர்க்க வேண்டும். தவறான விடையை அறிவிக்கும் வரி வந்தால், அதை மூடிவிடாமல், திருத்தம் வரும்வரை தோல்வியுறும் என்று எதிர்பார்க்கப்படும் சோதனையாகக் குறித்து வைத்திருக்கவும் அந்தக் கருவிகளில் வழி உண்டு.

சட்டம் மாறினால் இத்தனை சோதனை வரிகளும் வீணாகிவிடுமே என்பது கடைசியாக எழுப்பப்படும் வாதம். சவூதி அரேபியா 2018 ஜனவரியில் ஐந்து விழுக்காட்டில் தொடங்கிய மதிப்புக் கூட்டு வரியை 2020 ஜூலை 1 முதல் பதினைந்து ஆக்கியது. பஹ்ரைன் 2019இல் ஐந்தில் தொடங்கி 2022 ஜனவரியில் பத்து ஆக்கியது. இந்த மாற்றங்களின்போது பழைய சோதனை வரிகளை அழித்தவர்கள்தான் இடறினார்கள் என்று கொள்ள இடமுண்டு. ஏனெனில் சவூதியில் 2020 ஜூன் மாதம் விற்ற பொருள் ஆகஸ்டில் திரும்பி வந்தால், அதற்கான கிரெடிட் நோட், அதாவது பழைய இன்வாய்ஸின் தொகையைக் குறைத்துத் தரும் ஆவணம், பழைய ஐந்து விழுக்காட்டில்தான் எழுதப்பட வேண்டும். ஆவணத்தின் நாளை மட்டும் பார்க்கும் நிரல் பதினைந்து விழுக்காட்டைத் திருப்பித் தந்துவிடும். 2020 ஜூன் 30ஆம் நாளுக்கான சோதனை வரி அட்டவணையில் அப்படியே இருக்க, ஜூலை 1ஆம் நாளுக்கான வரி அதன் கீழே சேர்க்கப்பட்டு, ஜூனில் விற்று ஆகஸ்டில் திரும்பிய பொருளுக்கான வரி மூன்றாவதாக வந்தால், அந்த மூன்றையும் எழுதக்கூடியவர் அந்த ஆகஸ்டில் அந்தக் கிரெடிட் நோட்டைக் கையால் திருத்திய கணக்கர்தான்.